களவு உறுதிக்குப் பார்த்த நல்ல நாள்

மாமியின் காணியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட மனிதரை எங்கள் ஊரில் இன்றைக்கும் மனேச்சர் என்றுதான் சொல்கிறார்கள். சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் கொடுக்கிற கடைதான். ஆனால் அவர் கோயில் வீதியால் வரும்போது பார்த்தால், ஏதோ ஒரு மாகாணத்தைக் கட்டி ஆண்டுவிட்டு இறங்கினவர் மாதிரி இருக்கும். வேட்டிக் கரையில் ஒரு துளி செம்மண் ஒட்டாது. சால்வை தோளை விட்டு நழுவாது. திருநீறு வியர்வைக்கும் அழியாது. சனம் சைக்கிளை விட்டு இறங்கி வழி விடும். பொய்க் காணிப் பத்திரம் எழுதி கள்ள உறுதி முடித்தவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகும் இறங்குகிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சைக்கிள்களும் ஒரு காரணம்.

மாமி என்பது அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. வலிகாமத்தில் எங்கள் ஊரில் ஆறு பரப்புக் காணி அவவுக்குச் சீதனமாக வந்தது. இடம்பெயர்ந்து அலைந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்கென்று ஒரு கூரை இல்லை. "என்ரை வளவுக்கை கட்டடா, ஆர் கேக்கப் போறது?" என்றா மாமி. அப்பா பிறருடைய வெங்காயத் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்து, வருடத்துக்கு ஒரு சுவராக, அந்த வளவின் மூலையில் இரண்டு அறை வீட்டை எழுப்பினார். எங்கள் தேசவழமைச் சட்டப்படி பிள்ளை இல்லாத பெண்ணின் சீதனம் அவளுடைய உடன்பிறப்புக்கே திரும்பும். அதனால் அப்பா மாமியிடம் ஒரு துண்டுக் கடதாசியும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற அக்காவிடம் உறுதி கேட்பது, எப்ப சாகப் போறாய் என்று கேட்பது மாதிரி அவருக்கு.

மனேச்சர், மாமியின் புருஷனுடைய தம்பி. எனக்கும் முறைக்கு மாமா. அண்ணன் செத்தபோது கொள்ளி வைத்தவரும் அவர்தான். அதற்குரிய கூலியைத்தான் பிறகு எடுத்துக்கொண்டார் போலும்.

மாமியின் புருஷன், என் மாமா, செத்து அடுத்த வருடமே மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மாதான் தூக்கி இருத்தினா, கழுவினா, ஊட்டினா. மனேச்சர் நல்ல நாள் பெருநாளில் வந்து வாசலில் நின்று, "அண்ணி எப்பிடி?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போய்விடுவார். போன வருடம் மாமி செத்தா. ஒரு மாதம் கழித்து அவவுடைய அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. பந்தலுக்குக் கட்டிய தகரம் இறக்கிய கிழமையே ஒரு சட்டத்தரணியின் கடிதம் வந்தது.

எங்கள் வீட்டில் அப்படியான ஒரு கடிதத்தை வாசித்து விளங்கக்கூடிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் குசினி வாசலில் நிற்க, நான் வாசித்தேன். மாமி உயிரோடும் நடமாட்டத்தோடும் இருந்த காலத்திலேயே காணியை மனேச்சருக்கு விற்றுவிட்டாவாம். நாங்கள் அனுமதியில்லாமல் குடியிருக்கிறோமாம். எழும்ப வேண்டுமாம்.

"அக்கா வித்தவவோ?" என்றார் அப்பா. கோபமாக இல்லை. ஒரு செய்தியைக் கேட்டு வியக்கிறவர் மாதிரி.

"வித்தவவாம்," என்றா அம்மா. "கொண்டவர் செத்து, தானும் பாயிலை கிடந்து, என்ரை கையாலை கஞ்சி குடிச்ச மனிசி ஒரு நாளும் எனக்குச் சொல்லாமல் வித்தவவாம். உவரை நான் கோயில் வாசல்லை வைச்சுக் கேக்கிறன்."

"கத்தாதை. பெரிய மனிசர். போய்க் கதைப்பம்."

போய்க் கதைத்தோம். மனேச்சர் எங்களைக் கதிரையில் இருத்தினார், அதையே ஒரு தருமம் மாதிரிச் செய்தார். தேத்தண்ணி வந்தது. அப்பா கோப்பையைத் தொடாமல், "மச்சான், அக்கா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

"அதுக்கு நான் என்ன செய்ய மச்சான்? அண்ணி உங்களுக்குச் சொல்லாததுக்கு நான் பொறுப்போ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மருமோன் படிச்ச பிள்ளை. உறுதி எண்டால் என்னெண்டு அப்பாவுக்கு விளங்கப்படுத்தும். பத்திரம் பேசும், நாங்கள் பேசத் தேவையில்லை."

படிச்ச பிள்ளை என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. குரங்கு சைக்கிள் ஓடியதைப் பார்த்தவர் சொல்வது மாதிரி.

யாழ்ப்பாணம் போய்ப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுத்தேன். மாமி பெயரை எழுத மட்டும் பழகினவ. கடைசி எழுத்தை எப்போதும் கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவா. உறுதியிலும் அது ஏறியிருந்தது. செய்தவன் கெட்டிக்காரன். எங்கள் சட்டத்தரணி அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்தைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், நிபுணர் பார்க்கவேண்டும், அவர் சாட்சிக்கு வரவேண்டும், வருகிற அன்றைக்கு நீதிபதி லீவில் நிற்கக்கூடாது என்று விரல்களை மடக்கினார். "வழக்குப் போடலாம் தம்பி. தீர்ப்பை உம்மடை பிள்ளையள் போய்க் கேப்பினம்" என்று சிரித்தார். எனக்கு அப்போது கலியாணமே ஆகவில்லை.

உறுதியை எழுதி முடித்த நொத்தாரிசிடமும் போனேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்த கிழவர். காது மயிரில் சந்தனம். மாமி தன் முன்னால் வந்து கையெழுத்து வைத்ததாகவும், ஆளைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும் எழுத்தில் அத்தாட்சி கொடுத்திருந்தார்.

"ஐயா, அவ எப்பிடி இருந்தவ?" என்று கேட்டேன்.

"நல்லாய்த்தான் இருந்தவ. சந்தோசமாய் வந்து வைச்சுப்போட்டுப் போனவ."

"உயரமோ கட்டையோ?"

"தம்பி, நான் நொத்தாரிசு. தையல்காரன் இல்லை."

பொய் சொல்லுகிறவனுக்குக் கொஞ்சமாவது வியர்க்கும் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். இவருக்கு மின்விசிறியும் தேவைப்படவில்லை.

பிணக்கு மத்தியஸ்த சபைக்குப் போனது. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். முதல் அமர்வுக்கு மனேச்சர் தனியே வரவில்லை. அவருடைய மகளுக்கு ஒரு இடத்தில் கலியாணப் பேச்சு முற்றாகியிருந்தது. சீதனமாகப் பேசியது எங்கள் வீடு நிற்கிற இந்த ஆறு பரப்புத்தான். காணியில் வில்லங்கம் என்று கேள்விப்பட்டு, மாப்பிள்ளையின் தாய் நேரிலேயே வந்திருந்தா. கை நிறையக் காப்போடு, வாய் இறுக மூடி, முன் வாங்கில் இருந்தா. அவவுக்குக் கேட்கட்டும் என்றுதான் மனேச்சர் அன்று அவ்வளவு விரிவாகக் கதைத்தார். சுருக்கமாகப் பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு நாங்கள் தெருவில்.

"அண்ணை போனாப்பிறகு அண்ணிக்கு மனம் விட்டுப் போச்சு. காணியை நீ எடு எண்டு தானாய்ச் சொன்னவ. நான் அப்பவும் அவசரப்படேல்லை. பஞ்சாங்கம் பாத்து, சுபதினமாய் ஒண்டு எடுத்துத்தான் உறுதி முடிச்சது. நீங்கள் வேணுமெண்டால் அந்தத் திகதியைப் பஞ்சாங்கத்திலை பாருங்கோ. காலமை முழுகி, வைரவருக்குக் கற்பூரம் கொளுத்தி, அண்ணியை நானே கையைப் பிடிச்சுக் காரிலை ஏத்தினனான். கையெழுத்து வைச்சு முடிய அவவுக்குக் களைச்சுப் போச்சு. நல்லூரடியிலை காரை மறிச்சு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுத்தனான். குடிச்சுப்போட்டு, 'தம்பி, இப்பதான் எனக்கு நிம்மதி' எண்டவ."

மண்டபத்தில் ஒரு முனகல் எழும்பியது. ஐஸ்கிறீம் அவர்களை வென்றுவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தை ஒருவர் இட்டுக்கட்டுவாரா என்று சபைத் தலைவரின் முகத்தில் எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் தாயின் வாயும் கொஞ்சம் இளகியது. தலைவர் அப்பாவைப் பார்த்து, "சொந்தத்துக்குள்ளை ஏன் இழுபறி? ஒரு ஆறு மாதத் தவணை வாங்கித் தாறம், வேறை இடம் பாருங்கோ" என்றார். அப்பா கைகளைக் கோர்த்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். மனேச்சர் சால்வையைச் சரி செய்தார். மாமி ஐஸ்கிறீம் சாப்பிட மாட்டா, அவவுக்குப் பல் கூச்சம் என்று அம்மா சொன்னா. அதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த அமர்வில் முடிவு சொல்வதாகத் தவணை போட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு அப்பா வளவைச் சுற்றி நடந்தார். சுவர்களைக் கையால் தட்டிப் பார்த்தார், கழற்றிக்கொண்டு போக முடியுமா என்று பார்க்கிறவர் மாதிரி.

அந்தக் கிழமைதான் மாமியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று அம்மா கேட்டா. நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை. மாமியைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. அப்போது மாமாவின் அந்தியேட்டி வீடியோ ஞாபகம் வந்தது. கனடாவில் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்காக அன்று ஒரு பெடியனைப் பிடித்து, விடியல் முதல் நேரடியாக ஒளிபரப்பினார்கள். எங்கள் சனம் செத்தவீட்டுக்குக் கமெரா பிடிக்காமல் இப்போது பாடை தூக்குவதில்லை. அது இன்னும் யூடியூப்பில் கிடந்தது.

மாமியின் முகத்துக்காக ஓடவிட்டுப் பார்த்தேன். முகம் பார்க்க முடியாதபடி எங்கே திருப்பினாலும் மனேச்சர். கீரிமலைக் கேணியடியில் ஈர வேட்டியோடு மனேச்சர். ஐயர் சொல்லச் சொல்லப் பிண்டம் உருட்டுகிற மனேச்சர். வீட்டில் படையலுக்கு முன்னால் மனேச்சர். அண்ணனைப் பற்றிய இரங்கல் பாட்டுகளை அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தை மைக்கில் இராகம் இழுத்து வாசிக்கிற மனேச்சர். கடைசியில், அறைக்குள் சுவரோடு சாய்ந்து, பெண்களுக்கு நடுவில் வெள்ளைச் சீலையோடு மாமி. காலையிலும் அங்கேதான் இருந்தா. சனம் சாப்பிட்டுப் போய் அண்டா கழுவுகிற நேரத்திலும் அதே இடத்தில்தான் இருந்தா. படத்தைப் பிடித்துவைக்க நிறுத்தினேன். வீடியோவுக்குக் கீழே, அது ஒளிபரப்பான திகதி இருந்தது.

அந்தத் திகதியை நான் பாடமாக்கி வைத்திருந்தேன். உறுதியில் இருந்த திகதி அதுதான்.

முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. கொள்ளி வைத்தவனுக்கு அந்தியேட்டி நாள் மறக்குமா? மறக்கும். செத்தவர்களை நாங்கள் திதியில் வைத்துத்தான் நினைக்கிறோம். இன்ன மாதம், இன்ன பட்சம், நவமி என்று மனேச்சர் நித்திரையிலும் சொல்லுவார். ஆங்கிலத் திகதி யாருக்கு வேண்டும்? நொத்தாரிசுக்கு வேண்டும். மாமி படுக்கையில் விழுந்த பிறகு ஒரு திகதி போட முடியாது. அதற்கு முந்திய காலத்தில், நொத்தாரிசுடைய உறுதி இலக்க வரிசையில் அந்த ஒரு மாதத்தில்தான் இடம் விட்டிருந்ததாம். இதைப் பிறகு நொத்தாரிசின் கிளாக்கர் ஒரு வடைக்கும் தேத்தண்ணிக்கும் சொன்னார். அந்த மாதத்துக்குள் எந்த நாளையும் போட்டிருக்கலாம். மனேச்சர் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து, மகளின் சீதனம் அல்லவா என்று, சுபதினம் தேடியிருக்கிறார். நடக்காத கையெழுத்துக்கு, ஏறாத காருக்கு, குடிக்காத ஐஸ்கிறீமுக்கு நல்ல நாள்! களவெடுக்கக் கூசவில்லை. மரண யோகத்தில் களவெடுக்கத்தான் கூசியிருக்கிறது.

அடுத்த அமர்வில் நான் எழுந்து, உறுதியின் திகதியைத் தலைவரை உரக்க வாசிக்கச் சொன்னேன். பிறகு ஃபோனை அவருடைய மேசையில் வைத்து ஓடவிட்டேன். மற்ற உறுப்பினர்களும் தலையை நீட்டினார்கள். மைக்கில் கல்வெட்டு வாசிக்கும் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அது யாருடைய குரல் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இது மாமாவின்ரை அந்தியேட்டி," என்றேன். "திகதி கீழை கிடக்கு. மாமியும் உதிலை இருக்கிறா. காலமை கீரிமலையிலை நிண்ட மனேச்சர் மாமா, எப்ப மாமியைக் காரிலை ஏத்தினவர் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

மனேச்சர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். பிறகு, இந்த உலகத்தில் வேறு எவனும் சொல்லாத பதிலைச் சொன்னார்.

"அது... பின்னேரம். செத்தவீட்டுத் துடக்குக் கழிஞ்சாப்பிறகுதான் போனது."

பின் வாங்கிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "துடக்குக் கழிச்ச கையோடை ஐஸ்கிறீமோ?"

யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய் எழுந்து நின்றா. "அந்தியேட்டி அண்டு எழுதின காணியோ? கொண்டவனுக்குப் பிண்டம் வைச்ச அண்டு, தாலி அறுத்தவவைக் கொண்டு எழுதுவிச்ச காணியோ என்ரை பிள்ளைக்கு?"

"சம்மந்தி, கொஞ்சம் இருங்கோ. அது சுபதினம்..."

"நல்ல சுபதினம். உங்கடை வளவுக்கை வைச்சிருங்கோ."

அவ போன பிறகு மண்டபம் கொதித்தது. அண்ணன்ரை கிரியை அண்டு காணி எழுதுவிச்சவனாம், சீ என்று கிழவர்கள் தலையில் கை வைத்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மாதமாக, ஒரு செத்த மனுஷியின் கையெழுத்தைக் களவாகப் போட்டு ஒரு குடும்பத்தைத் தெருவில் விடப் பார்க்கிறார்கள் என்று வாசல் வாசலாகச் சொன்னேன். "உது கோட்டிலை பாக்கிற விசயம் தம்பி" என்று கதவைச் சாத்தினவர்கள் இவர்கள்தான். களவு அவர்களை உலுப்பவில்லை, துடக்குத்தான் உலுப்பியது. அதுவும் நடக்காத துடக்கு. மாமி அன்று வீட்டைவிட்டு அசையவில்லை என்று கண்ணால் பார்த்தவர்களே, அவவைக் காரில் ஏற்றிய பாவத்துக்காக மனேச்சரைத் திட்டினார்கள்.

தலைவர் மணியைத் தட்டினார். "திகதியிலை ஏதோ பிழை நடந்திருக்கு போலை."

"திகதி சரி ஐயா. உறுதிதான் பிழை."

"தம்பி, வார்த்தையைப் பாத்துக் கதையும். பெரிய மனிசர்."

மூன்றாம் நாள் மனேச்சர் எங்கள் படலையடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "மச்சான், பிள்ளையின்ரை பேச்சு முறிஞ்சு போச்சு. எனக்கு இந்தக் காணி வேண்டாம். உங்களுக்கே எழுதி விடுறன். ஆனா ஒண்டு. கள்ளம், கிள்ளம் எண்ட கதை இனி வரப்படாது. நன்கொடை எண்டு போடுவம்."

"நன்கொடையோ?" என்றேன். "எங்கடை காணியை நீங்கள் எங்களுக்குத் தருமம் பண்ணுறியளோ?"

"மருமோன், சொல்லிலை என்ன கிடக்கு?"

வழக்குப் போடுவோம் என்று அப்பாவிடம் இரவு முழுக்க நின்றேன். பொய் உறுதி என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டும், அந்த நொத்தாரிசு கூண்டில் ஏறவேண்டும் என்றேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீ படிச்சனி. உனக்குச் சொல்லு வேணும். எனக்கு உந்தச் சுவர் நிண்டால் காணும்" என்றார். நான் வழக்கை விட்டேன். அந்தச் சுவர்களை நான் கட்டவில்லை.

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. நேரம் குறித்தது நான். வெள்ளிக்கிழமை, பத்தரை மணி.

மனேச்சர் நொத்தாரிசின் மேசையடியில் என்னைத் தனியே இழுத்தார். "மருமோன், ராகு காலமெல்லோ? பன்னிரண்டுக்குப் பிறகு வைப்பமே."

"உங்களுக்கு வேண்டாத காணிதானே மாமா. குடுக்கிறதுக்கு எந்த நேரமெண்டால் என்ன? எனக்கு வேலைக்குப் போகோணும்."

பொய். நான் அன்று லீவு எடுத்திருந்தேன். அப்பாவும் என் சட்டையைப் பிடித்து, "அவர் சொல்லுறதும் சரிதானே, கொஞ்சம் பொறுப்பமே" என்று முணுமுணுத்தார். நான் அசையவில்லை. அதே நொத்தாரிசு, அதே சந்தனம், உறுதியை வாசித்தார். நன்கொடையாளர் பெறுநர்மீது கொண்டிருக்கும் அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு என்று வாசிக்கும்போது மனேச்சரின் கண் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பேனையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். மாமியின் பெயரைப் போடுவித்தபோது இவ்வளவு நேரம் எடுத்திருக்காது. அப்பா தன் கைநாட்டை வைத்துவிட்டு, விரலின் மையைத் துடைக்காமல் கும்பிட்டார். அம்மா வீட்டில் ராகுவுக்கு ஒரு விளக்கு ஏற்றி வைத்திருந்தா. கேட்டதற்கு, "நீ உன்ரை கோவத்தைப் பாத்தாய், நான் வீட்டைப் பாக்கோணும்" என்றா.

வீடு நிற்கிறது. வருடம் முடிந்து மாமியின் ஆட்டைத் திவசத்துக்கு ஊர்ச்சனம் வந்து வளவில் பந்திக்கு இருந்தபோது, அன்று மண்டபத்தில் தலையில் கை வைத்த கிழவர்களில் ஒருவர் அப்பாவிடம், "மனேச்சர் மனம் வைச்சதாலை இந்தக் காணி உங்களுக்கு வந்திட்டுது, என்ன?" என்றார். அப்பா ஓம் என்றார். நான் சாம்பார் வாளியோடு அவரைக் கடந்து போனேன். ஊற்றவில்லை.

மனேச்சரும் வந்திருந்தார். சால்வை, திருநீறு, எல்லாம் இருந்தது. முன் வரிசையில் அவருக்குக் கதிரை போட்டிருந்தார்கள். கனடாவுக்குக் காட்ட அதே வீடியோப் பெடியன் கமெராவைத் தூக்கிக்கொண்டு வந்து வலப்பக்கம் திருப்பினான். மனேச்சர் கதிரையைக் கையில் தூக்கிக்கொண்டு எழும்பினார். பெடியன் இடப்பக்கம் திருப்பினான். அவர் பந்தல் தூணுக்குப் பின்னால் போனார்.

"உங்கை ஏன் நிக்கிறியள்?" என்றா அம்மா, இலை போட்டபடி, எல்லாருக்கும் கேட்க. "முன்னுக்கு வாங்கோ மனேச்சர். படத்திலை திகதியோடை விழட்டும்."

அவர் சாப்பிடாமல் போனார். வாசலில் இரண்டு பேர் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.